ஒருவகைக் கீரை

சங்க இலக்கிய உரைப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு சொல் பழகிப்போயிருக்கும்: ‘ஒருவகை’. வேளை – ஒருவகைக் கீரை. பூளை – ஒருவகைச் செடி. முசுண்டை – ஒருவகைக் கொடி. பரீட்சை எழுத இது போதும். வேளை எப்படி இருக்கும், பூ என்ன நிறம், வாயில் வைத்தால் கசக்குமா என்று அஞ்சு மார்க் கேள்வியில் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பாட்டைப் பாட்டாகப் படிக்க இது போதாது. சில பாட்டுகளில் செடியைத் தவறவிட்டால் பாட்டே கை நழுவிப்போகிறது என்பது என் கட்சி.

பழைய உரையாசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நச்சினார்க்கினியர் காலத்து வாசகனுக்கு வேளை கொல்லைப்புறத்தில் நின்றது. அதற்கு விளக்கம் எழுதுவது தண்ணீருக்கு விளக்கம் எழுதுகிற மாதிரி. அவர்கள் விட்ட மௌனம் நம்மிடம் வந்து சேர்ந்தது, கொல்லைப்புறம் வந்து சேரவில்லை. இருபதாம் நூற்றாண்டுப் பதவுரைகள் அந்தக் காலி இடத்தில் ‘ஒருவகை’ என்று போட்டு நகர்ந்துவிட்டன. பி.எல். சாமி 1967இல் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ எழுதினார். பின்னால் கு. சீநிவாசன் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ எழுதினார். செடி செடியாகத் தேடித் தாவரவியல் பெயரோடு பொருத்திக் காட்டிய பெரிய உழைப்பு இது. ஆனால் இலக்கிய விமர்சனம் அதைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த அடி வைக்கவில்லை. ‘ஒருவகைக் கீரை’ இருந்த இடத்தில் ஒரு லத்தீன் பெயர் வந்து உட்கார்ந்தது. வாசிப்பு பழையபடியே கிடந்தது. ‘பாணனின் வறுமை’, ‘புலவரின் ஏழ்மை’ என்று தலைப்புப் போட்டு, கீரை தின்றார்கள், பாவம், என்று முடித்துக்கொள்கிறோம்.

செடி எதுவென்று தெரிந்தால் பாட்டை வேறு மாதிரி படிக்க வேண்டி வருமா? இந்தக் கேள்வியைச் சேலம், நாமக்கல் மேட்டுக்காட்டில் நின்றுகொண்டு கேட்டுப் பார்க்கலாம். செடிகள் அங்கே இன்னும் முளைக்கின்றன. பேர்களும் ஓரளவு மிச்சமிருக்கின்றன.

காடு என்றால் எங்கள் பக்கம் வனம் இல்லை. மானாவாரி நிலம்தான் காடு. ராசிபுரம், மல்லசமுத்திரம், திருச்செங்கோடு என்று விரிந்து கிடக்கிற மேட்டு நிலம். ஒரு உழவு மழை பெய்து சோளமோ கடலையோ போட்டால், இருபதாம் நாள் பயிரைவிடக் களைதான் முந்திக்கொண்டு நிற்கும். களை வெட்டப் போகிற பொம்பளைங்க வெட்டினதையெல்லாம் வரப்பில் எறிந்துவிடுவதில்லை. குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை, சாரணை என்று பாதி மடியில் ஏறிவிடும். ராத்திரி எல்லாம் ஒரே சட்டியில் வெந்து, கடைசலாகிக் களிக்குத் தோதாக வரும். காலையில் களை, சாயங்காலம் கீரை.

பார்த்துப் பழகாதவர்களுக்கு இதெல்லாம் ஒரே பச்சை. அவர்களுக்கு அப்படி இல்லை. இலைக் கணுவில் ஜோடி முள் இருந்தால் முள்ளுக்கீரை. முள் இல்லாமல் இலை நுனி லேசாகப் பிளந்த மாதிரி இருந்தால் குப்பைக்கீரை. மெல்லிய நீளக் காம்பில் இளஞ்சிவப்பாகப் பூ ஏறியிருந்தால் தொய்யல். மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து வெள்ளையும் ரோஸுமாக நின்றால் பண்ணை. கணுவுக்குக் கணு உருண்டை கட்டிப் பூத்தால் குமுட்டி. தரையோடு படர்ந்து தடித்த வட்ட இலை விட்டால் சாரணை. சாரணையைத் தவிர மற்றதையெல்லாம் தாவரவியல் ஒரே குடும்பத்தில் வைக்கிறது. நாயுருவியும் அதே குடும்பம். போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுகிறோமே, அந்தப் பூளைப்பூவும் அதே குடும்பம்தான். ‘ஒருவகைச் செடி’ என்று உரையில் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறவரின் வீட்டு நிலையில் அந்தச் செடி வருஷா வருஷம் தொங்குகிறது. பெரும்பாணாற்றுப்படை வரகுச் சோற்றுக்குப் பூளைப்பூவை உவமை சொல்லும். காப்புக் கட்டிய கைக்கு அந்த உவமைக்குப் பதவுரை வேண்டாம். உதிரி உதிரியாகத் தெரிந்தாலும் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன வெள்ளை மணிகள் போதும்.

பேரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கும் இதே குடும்பத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சக்கரவர்த்திக் கீரை என்று ஒன்று உண்டு. கெனோபோடியம் ஆல்பம். கிரேக்கத்தில் வாத்தின் பாதம் என்று அர்த்தம் வருகிற பெயர், இலையின் வடிவத்தைப் பார்த்து வைத்தது. வட இந்தியாவில் இது குளிர்காலக் கோதுமை வயலின் களை. பதுவா என்பார்கள். தயிரில் போட்டு ராய்தா செய்வார்கள். கன்னடத்தில் சக்கோத்தா. நம் மானாவாரிக் காட்டில் இது தொய்யல் மாதிரி மண்டுவதில்லை, குளிர் வேண்டும் செடி. அடையாளம் ரொம்பச் சுலபம்: கொழுந்திலும் இலையின் அடிப்பக்கத்திலும் மாவு தூவின மாதிரி வெள்ளை இருக்கும், விரலால் தேய்த்தால் வந்துவிடும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பல தாவரப் பட்டியல்களில் இதற்குத் தமிழ்ப் பேர் ‘பருப்புக்கீரை’ என்று போட்டிருக்கும். சேலத்துச் சந்தையில் பருப்புக்கீரை கேட்டுப் பாருங்கள். சிவந்த தண்டும் சதைப்பற்றான குட்டி இலையுமாகத் தரையில் படர்கிற வேறொரு செடியைக் கட்டிக் கொடுப்பார்கள். ஒன்று நிமிர்ந்து நிற்கும், ஒன்று படரும். ஒன்றில் மாவு, ஒன்றில் வழவழப்பு. குடும்பமே வேறு. பேர் மட்டும் ஒன்று. ஆகவே நாட்டுப் பேரை நம்பலாம், செடியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நம்பலாம். சங்கப் பாட்டிலும் அதே எச்சரிக்கை வேண்டும்.

இப்போது வேளைக்கு வருகிறேன்.

காட்டு ஓரத்தில், குப்பைமேட்டில், ஆட்டுப்பட்டி போட்ட இடத்தில் இரண்டு வேளை முளைக்கும். இரண்டும் விரல் விரித்த மாதிரி இலை. களைவெட்டில் இருந்த ஒரு அம்மாயியிடம், “ஏனுங்க அம்மாயி, ரெண்டும் ஒன்னுதானுங்களே?” என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தொட்டுப் பாரு கண்ணு. ஒட்டுச்சுன்னா நாய்வேளை. அத ஆடே மோந்துட்டுப் போயிரும்.” தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுவதும், மஞ்சளாகப் பூப்பதும் நாய்வேளை. விதை கடுகு மாதிரி இருப்பதால் நாய்க்கடுகு என்றும் பேர். வெள்ளையாகப் பூப்பது நல்வேளை, தைவேளை. அந்தப் பூவை உற்றுப் பார்த்தால் மகரந்தக் கால்கள் இதழுக்குப் பக்கத்தில் இருக்காது. நடுவில் ஒரு காம்பு எழும்பி, பாதித் தூரத்தில் பிரிந்து நிற்கும். லின்னேயஸ் 1753இல் கிளியோம் கைனாண்ட்ரா என்று பேர் வைத்தது இந்த அமைப்பைப் பார்த்துத்தான்.

புறநானூற்று 215ஆம் பாட்டில் வருவது வெள்ளைப் பூ. நிறத்தைப் பாட்டே சொல்லிவிடுவதால் மஞ்சள்பூ நாய்வேளைக்கு அங்கே இடமில்லை, நல்வேளைதான். இந்தச் செடியைப் பற்றி இன்னொன்றும் தெரிய வேண்டும். இது கடுகுக் குடும்பத்துக்கு நெருங்கின சொந்தம். உறைப்பும் கசப்பும் உண்டு. சும்மா வேகவைத்தால் வாயில் வைக்க முடியாது. கென்யாவில் இதைப் பாலில் வேகவைத்துக் கசப்பை எடுக்கிறார்கள். தாய்லாந்தில் புளிக்கவைத்து ஊறுகாய் போடுகிறார்கள். வேளை சாப்பாடாக மாற, புளிப்போ பாலோ மோரோ ஏதாவது ஒன்று கூட வேண்டும். உப்பு கண்டிப்பாக வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வேளை வருகிற மூன்று பாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாவது அந்த 215. பாடியவன் கோப்பெருஞ்சோழன். அரசைவிட்டு வடக்கிருக்கிறான், அதாவது சாகும்வரை உண்ணாமல் உட்கார்ந்திருக்கிறான். பார்க்காமலே நண்பனான பிசிராந்தையார் வருவாரா மாட்டாரா என்று கூட இருப்பவர்களுக்குச் சந்தேகம். வருவான், செல்வம் இருந்தபோது வராவிட்டாலும் துன்பத்தில் வராமல் இருக்கமாட்டான் என்கிறான். அந்த நண்பனின் ஊர் இருக்கும் நாட்டை எப்படி அடையாளம் சொல்கிறான் என்பதுதான் விஷயம். சாணப்பொடி படிந்த தெருவில் முளைத்த வேளையின் வெள்ளைப் பூவை வெள்ளைத் தயிரில் போட்டு, குத்தின வரகோடு சேர்த்து ஆய்மகள் சமைத்த புளிங்கூழ். அவரை பறிக்கிறவர்கள் வயிறார உண்பது. பட்டினி கிடக்கும் ராஜா ஒருவன் கடைசி நாட்களில் நண்பனின் நாட்டை நினைக்கும்போது யானையையோ முத்தையோ சொல்லவில்லை. ஒரு கூழைச் சொல்கிறான், அதன் செய்முறையோடு சொல்கிறான். கசப்பை எது எடுக்கும் என்று தெரிந்த ஒரு பெண் சமைத்த கூழ் அது. இந்த வேளையில் வறுமை எங்கே இருக்கிறது? மருந்துக்கும் இல்லை. வேலை செய்து களைத்தவர்கள் திருப்தியாகச் சாப்பிடும் சாப்பாடு.

இரண்டாவது 246. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்பாயப் போகும் அவன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. தடுக்கிற சான்றோரைப் பார்த்து, கைம்பெண்ணாக இருந்து நான் எதைச் சாப்பிட வேண்டும் தெரியுமா என்று வரிசை போடுகிறாள். நெய் படாத, கையால் பிழிந்த பழஞ்சோற்று உருண்டை. வெள்ளெள் அரைத்த விழுதும் புளியும் சேர்த்து வேகவைத்த வேளை. பாய் இல்லாமல் பரல் கல்லின்மேல் படுக்கை. இங்கே வேளைக்குப் புளி இருக்கிறது, எள் இருக்கிறது. சமையலாகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை, இன்றைக்கும் செய்து சாப்பிடலாம். இது ஏழையின் உணவும் இல்லை, பாண்டிய அரசியின் உணவு. ஒருத்திக்கு எது கூடாது என்று மற்றவர்கள் தீர்மானித்துவிட்டு, மிச்சத்தை அவள் முன்னால் வைக்கிற உணவு. அவள் மறுப்பது கீரையை இல்லை, அந்தத் தீர்மானத்தை. கொடுமை நெய் எடுக்கப்பட்டதில் இருக்கிறது, பாய் உருவப்பட்டதில் இருக்கிறது. ‘வேளை = வறுமை’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்தப் பாட்டில் ஒரு அரசியின் கோபத்தைப் பஞ்சப்பாட்டாகக் குறைத்துவிடுவார்கள்.

மூன்றாவது சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன்மேல் நத்தத்தனார் பாடியது. எல்லோரும் மேற்கோள் காட்டுகிற இடம்: இடிந்த அடுக்களை, கரையான் அரித்த சுவரில் காளான், கண் திறக்காத குட்டிகளைப் போட்ட நாய் பால் சுரக்காமல் குரைக்கிறது. பசியில் ஒடுங்கின இடையோடு கிணைமகள் நகத்தால் கிள்ளிவந்த குப்பை வேளையை உப்பில்லாமல் வேகவைக்கிறாள். தெரியாதவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சுற்றத்தோடு சேர்ந்து சாப்பிடுகிறாள்.

இங்கேயும் அதே வேளைதான். தெருவில் பூத்தால் ஆய்மகளின் கூழ், குப்பையில் முளைத்தால் கிணைமகளின் பசி என்று செடி மாறவில்லை. மாறியது உப்பு. கசக்கிற வேளையைத் தயிர் இல்லாமல், புளி இல்லாமல், கடைசியில் உப்பே இல்லாமல் தின்பது என்ன என்பது அந்தச் செடியை ஒரு தடவை வாயில் வைத்தவருக்குத்தான் தெரியும். ‘ஒருவகைக் கீரை’ என்று படிக்கிறவர் மனதில் ஏதோ முளைக்கீரை வந்து நிற்கும். முளைக்கீரை உப்பில்லாமலும் ஒரு மாதிரி இறங்கிவிடும். வேளை இறங்காது.

உப்பு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? கீரை காசு கொடுத்து வாங்குவது இல்லை. வேலியில் நிற்கும், குப்பையில் நிற்கும். உப்பு கடற்கரையிலிருந்து வண்டியில் வர வேண்டும். உமணர்கள் உப்புக்கு நெல்லை மாற்றாக வாங்கினார்கள் என்று அகநானூறு சொல்கிறது. உப்பு இல்லை என்றால் மாற்றிக்கொள்ளக் கையில் எதுவுமே இல்லை என்று அர்த்தம். இதே சிறுபாணாற்றுப்படையில், கிணைமகளின் அடுக்களைக்கு முன்னாலேயே, உமணரின் உப்பு வண்டி வரிசை வருகிறது. வண்டியோடு வந்த ஒரு மந்தி, உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து முத்துப் போட்ட சிப்பியைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. உப்பும் முத்தும் குரங்கு விளையாடும் அளவுக்குப் புழங்கும் உலகத்தை முதலில் காட்டிவிட்டு, அப்புறம்தான் நத்தத்தனார் உப்பில்லாத சட்டியைக் காட்டுகிறார். இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் படித்த விமர்சனம் என் கண்ணில் பட்டதில்லை. குரங்கு வருணனை அழகு என்று ஒரு பக்கம், வறுமை கொடிது என்று இன்னொரு பக்கம், இரண்டும் தனித்தனியாகவே போகின்றன.

‘குப்பை’ என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. இன்றைய நகரத்துக் காதுக்குக் குப்பை என்றால் மாநகராட்சி வண்டி. பழைய தமிழில் குப்பை என்றால் குவியல். நெல்லுக்கும் குப்பை உண்டு. எங்கள் பக்கம் இன்றைக்கும் குப்பை என்றால் எரு. காட்டுக்குக் குப்பை அடிப்பது என்றால் மாட்டுச்சாணமும் ஆட்டுப் புழுக்கையும் மக்கினதை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவது. வீட்டில் குப்பைக்குழி பெரிசாக இருந்தால் மாடு கன்று அதிகம் என்று அர்த்தம். நல்வேளை, குப்பைக்கீரை, சக்கரவர்த்திக் கீரை எல்லாமே தழைச்சத்து தேங்கிய மண்ணைத் தேடி முளைக்கிற ஜாதி. அதனால்தான் எருக்குவியல். ஆய்மகளின் சாணப்பொடித் தெருவும் கிணைமகளின் குப்பையும் தாவரக் கண்ணில் ஒரே மண்தான். குப்பை வேளை என்பதை ‘அசுத்தமான இடத்தில் முளைத்த கீரை’ என்று வாசித்து முகம் சுளிக்கும் வகுப்பறை விளக்கம் கொங்கு நாட்டு விவசாயியிடம் எடுபடாது. நல்ல மண்ணில் வந்த கீரை என்பார்.

பெருஞ்சித்திரனார் குமணனைப் பார்த்துப் பாடிய 159 இன்னும் நுட்பமானது. என் கணக்கில் சங்கக் கவிதையில் செடியைக் கவனித்து எழுதின மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. கோலூன்றி நடக்கும் தாய், சாவு வரவில்லையே என்று நொந்துகொண்டிருக்கிறாள். பிள்ளை பல பெற்று வற்றிப்போன மனைவி குப்பையில் இருக்கும் கீரையைப் பறிக்கிறாள். அவள் பறிப்பது எந்தத் தளிரை? ஏற்கெனவே கிள்ளிய இடத்தில் மறுபடி துளிர்த்த, இன்னும் முற்றாத தளிரை.

கீரை கிள்ளியவர்களுக்கு இது தெரியும். தலைக்கொழுந்தைக் கிள்ளினால் கீழ்க் கணுக்களிலிருந்து பக்கத்தளிர் வெடிக்கும். அது கிள்ளும் பதத்துக்கு வர நாலைந்து நாளாவது பொறுக்க வேண்டும். முற்றட்டும் என்று விட்டுவைக்க அவளால் முடியவில்லை, இளசாகவே கிள்ளிவிடுகிறாள். ஒரே ஒரு தாவர நுணுக்கத்தில் காலம் முழுக்க வந்துவிடுகிறது: இது முதல் நாள் பசி இல்லை, அதே செடியிடம் இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ வந்திருக்கிறாள், போன தடவையிலிருந்து வீட்டில் வேறு எதுவும் வந்து சேரவில்லை. பெருஞ்சித்திரனார் ‘பல நாள் பட்டினி’ என்று சொல்லவே இல்லை. செடியின் உடம்பில் அந்தக் கணக்கை எழுதிவைத்துவிட்டுப் போகிறார். அப்புறம்தான் உப்பு இல்லை, மோர் இல்லை, சோற்றையே மறந்தாயிற்று என்று வரிசையாக வருகிறது. ‘குப்பைக் கீரையின் இளந்தளிரைப் பறித்து’ என்று உரை எழுதி ‘கிள்ளிய இடத்தில்’ என்பதை வேகமாகத் தாண்டினால் பாதிப் பாட்டு போச்சு.

இங்கே ஒரு கேள்வி வரும். அந்தக் குப்பைக் கீரை இன்றைய நம் குப்பைக்கீரையா? அவசரப்படக் கூடாது. இன்று அந்தப் பேரில் நிற்கும் அமராந்தஸ் விரிடிஸ் வெப்பமண்டல அமெரிக்காவில் பிறந்தது என்று பல தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள், அதில் ஒருமித்த கருத்து இல்லை. முள்ளுக்கீரை அமெரிக்காவிலிருந்து வந்ததில் சந்தேகமே இல்லை. சங்க காலத்துக் குப்பையில் அது நின்றிருக்க வழியில்லை. தொய்யலும் குமுட்டியும் பழைய உலகத்துச் செடிகள். ஆகவே பேர் ஒன்று என்பதற்காக 159ஆம் பாட்டில் ஒரு லத்தீன் பெயரை ஒட்டிவிட முடியாது. பாட்டு கொடுக்கும் அடையாளம் பேர் இல்லை, நடத்தை: குப்பையில் முளைக்கும், கிள்ளினால் துளிர்க்கும். வேளைக்கு வெள்ளைப் பூ என்ற சாட்சி இருந்தது, இதற்குத் துளிர் என்ற சாட்சி இருக்கிறது. வாசிப்புக்கு அந்தச் சாட்சி போதும். செடியை அடையாளம் காண்பது என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான். ஹெர்பேரியத்தில் ஒட்டிவைத்த காய்ந்த செடி துளிர்க்காது.

இதைச் சொல்வதால் ஹெர்பேரியம் வேண்டாம் என்று ஆகிவிடாது. கே.எம். மேத்யூ என்ற சேசு சபைப் பாதிரியார் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தை வைத்துக்கொண்டு, 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அந்த மாதிரி வேலை இல்லாவிட்டால் இரண்டு பருப்புக்கீரையும் ஒன்றாகவே கிடக்கும். தமிழ் இலக்கிய மாணவர்களும் தாவரவியல் மாணவர்களும் பல கல்லூரிகளில் ஒரே வராந்தாவில்தான் நடக்கிறார்கள், ஒருவர் வகுப்புக்குள் ஒருவர் எட்டிப் பார்ப்பதில்லை. போகட்டும்.

இப்போது வேறொரு வாசிப்பு கிளம்பியிருக்கிறது. வறுமையின் இடத்தில் சூப்பர் ஃபுட். சக்கரவர்த்திக் கீரையின் ஒன்றுவிட்ட சகோதரியான கினோவாவுக்கு 2013ஐ ஐ.நா. சபை சர்வதேச ஆண்டாக அறிவித்தது. சிறுதானியத்துக்கு 2023. ‘நம் முன்னோர் அறிந்த காட்டுக்கீரை’ என்று ரீல்ஸ் ஓடுகிறது. பழைய வகுப்பறை கீரையைப் பார்த்து ஐயோ என்றது, இது ஆஹா என்கிறது. இரண்டுக்கும் எந்தக் கீரை, யார் பறித்தது, சட்டியில் உப்பு இருந்ததா என்பதில் அக்கறை இல்லை. முன்னோர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். பாட்டில் வருகிறவர்கள் ஆய்மகள், கிணைமகள், புலவரின் மனைவி, கைம்மை நோன்புக்குத் தள்ளப்படுகிற அரசி. எல்லோரும் பெண்கள். வேளையின் கசப்பை அறிந்தவர்கள் அவர்கள்தான், பெரும்பாலும் பாடினவர்கள் ஆண்கள்.

நவீன எழுத்திலும் இதைப் பார்க்கலாம். நம் சிறுகதைகளில் முக்கால்வாசிக்கு நிலம் என்றால் ‘செடிகொடி’, ‘புல்பூண்டு’, ‘பெயர் தெரியாத மஞ்சள் பூ’. எழுத்தாளருக்குப் பேர் தெரியவில்லை என்பது சரி, கதையில் களை வெட்டுகிற பாத்திரத்துக்குமா தெரியாது? திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரரான பெருமாள்முருகன் இங்கே முக்கியமாகிறார். 2000இல் ‘கூளமாதாரி’ நாவலும் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யும் வந்தன. ஒன்று பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் தலித் சிறுவர்களின் கதை, இன்னொன்று அகராதி. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். மேய்க்கிற பையனுக்கு நிலம் பச்சைப் பரப்பாகத் தெரிய முடியாது. எது ஆட்டுக்கு ஆகும், எது ஆகாது, எது தனக்கே ஆகும் என்று பிரித்துத்தான் தெரியும். தப்பாகப் பிரித்தால் அடி விழும். அந்த அறிவு பாரம்பரியப் பெருமை இல்லை. நிலம் இல்லாதவர்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்று சேர்த்த அறிவு.

அது போய்க்கொண்டும் இருக்கிறது. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சோளக்காடு மக்காச்சோளக்காடாக மாறிவிட்டது. மக்காச்சோளம் ஊன்றியதும் அட்ரசின் அடித்துவிடுகிறார்கள், அகல இலைக் களை முளையிலேயே போய்விடும். களைவெட்டுக் கூலி கட்டுபடி ஆகவில்லை, ஆளும் கிடைப்பதில்லை என்பது விவசாயி சொல்லும் நியாயம், அதில் பொய் இல்லை. மடியில் கீரை கட்டி வந்தவர்களில் பலர் இப்போது ஸ்பின்னிங் மில் பஸ்ஸில் போகிறார்கள். குனிந்து களை வெட்டும் வேலையிலிருந்து தப்பித்ததற்காக அவர்களைப் பார்த்து வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனால் வேளைக்கும் நாய்வேளைக்கும் வித்தியாசம் தொட்டுச் சொல்கிற விரல் அடுத்த தலைமுறையில் இருக்காது. அப்போது ‘ஒருவகைக் கீரை’ என்பது உரையாசிரியரின் சோம்பலாக இருக்காது, உண்மை நிலவரமாகிவிடும்.

கிணைமகள் யாருக்காகக் கதவைச் சாத்துகிறாள் என்பதைப் பாட்டு ஒரே சொல்லில் சொல்கிறது: மடவோர். வறுமை யாருக்கும் வரும் என்று தெரியாத, புறம்பேசும் மனிதர்கள் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். சரியான விளக்கம்தான். வேளையை அறிந்த தெரு அது, எட்டிப் பார்ப்பவர்களுக்குச் சட்டியில் வேகும் செடி எது என்று வாசனையிலேயே தெரிந்திருக்கும். ஊரே தின்கிற கீரைக்காக அவள் வெட்கப்பட வேண்டியதில்லை. சட்டியில் இல்லாத ஒன்று அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான் கதவு மூடுகிறது.